பணிநிறைவு மலரில் என்ன எழுதுவது?

அன்புள்ள ஐயா,

எங்கள் ஆங்கிலப் பேராசிரியர் வரும் மே 31-ஆம் தேதி ஓய்வு பெறுகிறார். அரசு உதவி பெறும் ஒரே கல்லூரியில் 33 வருடம். தமிழில் கவிதையும் மொழிபெயர்ப்பும் எழுதியவர். இரண்டு புத்தகங்கள் வந்தன, இரண்டும் இப்போது அச்சில் இல்லை. பழைய மாணவர்கள் சேர்ந்து மலர் கொண்டுவருகிறோம். வருகிற கட்டுரைகள் எல்லாம் ‘அறிவுக்கடல்’, ‘ஏற்றிவிட்ட ஏணி’ என்றே இருக்கின்றன. எனக்கோ ஒரு வரி ஓடவில்லை. எப்படித் தொடங்குவது?

ம.

அன்புள்ள ம.,

ஏணி, கடல், மெழுகுவர்த்தி மூன்றையும் முதலில் அச்சகத்து வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். பெயரை மாற்றினால் எந்த வாத்தியாருக்கும் பொருந்தும் கட்டுரையை அவரே படிக்கமாட்டார்.

எனக்கு ஆங்கிலம் எடுத்தவரைச் சொல்கிறேன். நான் இயற்பியல் மாணவன். எல்லாத் துறையினருக்கும் பொதுவான ‘பகுதி இரண்டு’ ஆங்கிலம், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வரும் வகுப்பு. பாதிப் பேர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். ஒருநாள் கரும்பலகையில் ‘இட் இஸ் ரெய்னிங்’ என்று எழுதினார். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், “சார், அந்த இட் யாரு சார்?” என்றான். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. சாக்பீஸைக் கீழே வைத்தார்.

“நல்ல கேள்விடா. நமக்கு மழையேதான் பெய்யுது. இங்கிலீஷ்காரனுக்கு ஆள் இல்லாம வினை நிக்காது. அதான் சும்மா ஒரு ஆளை நிறுத்தி வச்சிருக்கான்.”

அப்புறம் ‘எனக்குப் பசிக்கிறது’ என்று எழுதி, இதில் எழுவாய் எங்கே என்று கேட்டார். எங்களுக்குத் திருதிரு. பன்னிரண்டு வருடம் தமிழ் படித்தவர்கள் ஆங்கில வகுப்பில் உட்கார்ந்து தமிழை முதல்முறையாகப் பார்த்தோம். அன்றைக்கு நடத்தவேண்டிய பாடம் கடைசிவரை நடக்கவேயில்லை. செமஸ்டரில் அதிலிருந்துதான் கேள்வி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்களிடமும் இப்படி ஒரு மணி நேரம் இருக்கும். அதை மட்டும் எழுதுங்கள், இரண்டு பக்கம் போதும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு: ‘இரண்டும் அச்சில் இல்லை.’ ஆங்கிலம் கற்பித்துக்கொண்டு தமிழில் எழுதியவர்கள் நமக்குப் புதிதல்ல. திருவனந்தபுரம் மார் இவானியோஸ் கல்லூரியில் டி. கே. துரைசாமியாக ஆங்கிலப் பாடம் நடத்தியவர்தான் கவிஞரும் நாவலாசிரியருமான நகுலன். அதே ஊரில் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த ஹெப்சிபா ஜேசுதாசன், பனையேறிகளின் வாழ்க்கையை ‘புத்தம் வீடு’ நாவலாக 1964-ல் தந்தார். தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி முதல்வராக இருந்த அ. சீனிவாசராகவன், ‘வெள்ளைப் பறவை’ கவிதைகளுக்காக 1968-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்றார்.

இவர்கள் பெயர் நின்றது. இவர்களைப் போல எழுதியும் பெயர் நிற்காதவர்கள் எத்தனையோ பேர். தமிழ்த்துறைக்கு இப்படிப்பட்டவர் ‘இங்கிலீஷ்காரர்’, சொந்தத் துறையிலோ தமிழில் எழுதுவது பொழுதுபோக்கு. 2010-ல் பல்கலைக்கழக மானியக் குழு கல்லூரி ஆசிரியர்களின் பதவி உயர்வுக்குப் புள்ளிக் கணக்கு கொண்டுவந்தது. இதழ்களுக்குத் தரப்படும் ஐ.எஸ்.எஸ்.என். எண் வாங்காத சிறுபத்திரிகையில் ஒருவர் ராத்திரி கண்விழித்து மொழிபெயர்த்த கவிதைக்கு அதில் என்ன புள்ளி கிடைக்கும்? அப்படியும் உங்கள் பேராசிரியர் மொழிபெயர்த்திருக்கிறாரே, அதுதான் விஷயம்.

அதனால் மலரில் பாதிப் பக்கங்களை அவருடைய எழுத்துக்கே கொடுத்துவிடுங்கள். அவரிடம் கேட்டால் “அதெல்லாம் எங்க இருக்கோ” என்பார். விடாதீர்கள். வீட்டில் பரணைப் பாருங்கள். கிடைக்காத இதழ்களுக்குச் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் தேடலாம். எந்தக் கவிதை எந்த இதழில் எந்த வருடம் வந்தது என்று ஒரு பட்டியல் போடுங்கள். சலிப்பான வேலைதான். நாளைக்கு ஒருவர் அவரைத் தேடி வந்தால் பொன்னாடைப் படத்தை விட அந்தப் பட்டியல்தான் உதவும்.

வாழ்த்துரை கேட்டு அமைச்சருக்கும் துணைவேந்தருக்கும் அலையவேண்டாம். அந்தப் பக்கங்களை எல்லோரும் புரட்டிவிட்டுத்தான் போவார்கள். மலர் வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், விலை போட்டே. பழைய புத்தகங்கள் இரண்டில் எது கிடைத்தாலும் ஜெராக்ஸ் எடுத்துக் கூடவே வையுங்கள்.