ஜிபிஎல் மென்பொருளுக்கு மூலநிரல் மூடிய செருகுநிரல் எழுதி விற்கலாமா?

ஜிபிஎல் என்பது, மென்பொருளைப் பிறருக்குத் தருபவர் அதன் மூலநிரலையும் (மனிதர் எழுதிய நிரல் வரிகளையும்) அதே உரிமத்தில் தர வேண்டும் என்று கூறும் கட்டற்ற மென்பொருள் உரிமம். அந்த உரிமத்தில் வெளியான ஒரு மென்பொருளுக்கு, மூலநிரலை வெளியிடாமல் செருகுநிரல் (கூடுதல் வசதி சேர்க்கும் துணை நிரல்) எழுதி விற்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். விற்பதற்கு ஜிபிஎல்லில் தடையே இல்லை. மூலநிரலை மூடிவைக்கலாமா என்பதே கேள்வி. அதற்கான விடை, அந்தச் செருகுநிரல் முதன்மை மென்பொருளோடு எவ்வாறு இணைகிறது என்பதைப் பொறுத்தது.

உரிமத்தை வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் விளக்கப்படி, முதன்மை மென்பொருள் செருகுநிரலைத் தனி நிரலாகத் தொடங்கிவைத்து, அது முடிவதற்குக் காத்திருப்பதோடு நின்றுவிட்டால், இரண்டும் பொதுவாகத் தனித்தனிப் படைப்புகளே. இரண்டும் இயங்குநிலையில் பிணைக்கப்பட்டு, ஒன்றின் செயற்கூறுகளை மற்றொன்று அழைத்துத் தரவுக் கட்டமைப்புகளையும் பகிர்ந்துகொண்டால், அவை சேர்ந்து ஒரே மென்பொருளாகிவிடும். விநியோகிக்கும்போது செருகுநிரலும் ஜிபிஎல்லுக்கு இணங்க வேண்டும். இது அறக்கட்டளையின் நிலைப்பாடு என்பதையும், வழிப்படைப்பு (மற்றொரு படைப்பை அடிப்படையாகக் கொண்டு உருவானது) எது என்பதை இறுதியில் நீதிமன்றமே தீர்மானிக்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

இந்த எல்லையைத் தொழில்நுட்பத்தாலேயே காத்துக்கொண்ட திட்டம், மூலநிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரான ஜிசிசி. மூடிய செருகுநிரல்கள் நுழைந்துவிடும் என்ற அச்சத்தால் செருகுநிரல் வசதியையே நெடுங்காலம் தள்ளிவைத்திருந்த அத்திட்டம், 2009-இல் தான் உருவாக்கித் தரும் நிரல்களோடு சேரும் நிரலகங்களுக்கான உரிம விதிவிலக்கைத் திருத்திய பின்னரே, 2010-இல் வந்த 4.5 பதிப்பில் அவ்வசதியைத் தந்தது. ஜிபிஎல்லுக்கு இணக்கமானது என்று அறிவிக்கும் குறியீடு இல்லாத செருகுநிரலை ஜிசிசி இன்றும் ஏற்றுவதில்லை.

நேர்மையான மாற்றுவழி ஒன்று உண்டு: உரிமத்திலேயே விதிவிலக்கு பெறுவது. ஒலி, காணொளிகளைக் கையாளும் நிரலகமான ஜிஸ்ட்ரீமர், மூடிய நிரல்களும் இணைய இடம்தரும் எல்ஜிபிஎல் உரிமத்தில் இருப்பதால் காப்புரிமைச் சிக்கல் உள்ள ஒலி, காணொளி வடிவங்களுக்கு மூடிய செருகுநிரல்கள் அதனோடு சேரலாம். ஆனால் அதன்மீது எழுதப்பட்ட டோட்டம் என்ற காணொளி இயக்கும் மென்பொருள் ஜிபிஎல் என்பதால், அதன் ஆசிரியர்கள் இத்தகைய செருகுநிரல்களை அனுமதிக்கும் விதிவிலக்கை உரிமத்தில் வெளிப்படையாகச் சேர்த்தார்கள். அத்தகைய அனுமதியைப் பதிப்புரிமை உடைய அனைவரும் சேர்ந்துதான் தர முடியும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நான் முன்பு பணியாற்றிய நிறுவனத்தில் இப்படி அனுமதி கேட்கத் தொடங்கியபோது, நிரல் பங்களித்தவர்களில் பாதிப் பேரின் மின்னஞ்சல் முகவரிகள் செயலிழந்திருந்தன. இறுதியில் நேரடிப் பிணைப்பைக் கைவிட்டு, எங்கள் பகுதியைக் கோப்புகளை வாசித்துக் கோப்புகளையே திருப்பித் தரும் தனி நிரலாக மாற்றி எழுதினோம். மூன்று மாதம் பிடித்தது. நீங்கள் முதல் வரி நிரலை எழுதுவதற்கு முன்பே முதன்மை மென்பொருளின் உரிமக் கோப்பைத் திறந்து, அதில் விதிவிலக்கு ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள்.