பெருக்கியை மாற்றும் முன் பெருக்கத்தை நிலைப்படுத்துங்கள்

கேள்வி: கும்பகோணத்தில் எங்கள் கல்லூரி மாடியில், காற்றிலுள்ள நீராவியை அளக்க 22.2, 31.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் ரேடியோமீட்டரை (வானிலிருந்து வரும் நுண்ணலைகளை அளக்கும் கருவி) மாணவர்கள் அமைத்துள்ளனர். வாங்கியின் (அலையைப் பெற்றுப் பெருக்கும் பகுதி) இரைச்சல், ஈடான வெப்பநிலையாகச் சொன்னால், 500 கெல்வின். காலைக்கும் மதியத்துக்கும் அளவு நகர்ந்துவிடுகிறது. இரைச்சல் குறைந்த பெருக்கி வாங்கலாமா, அல்லது 183 கிகாஹெர்ட்ஸுக்கு மாறலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். வானிலிருந்து வருவதை 100 கெல்வின் என்று கொண்டால், வாங்கியின் இரைச்சலோடு சேர்ந்து மொத்தம் 600 கெல்வின். அலைப்பட்டை அகலம், சேகரிக்கும் நேரம் ஆகியவற்றின் பெருக்கற்பலனுக்கு வர்க்கமூலம் எடுத்து அதனால் இதை வகுத்தால் கருவியின் நுண்மை, அதாவது அது பிரித்தறியும் மிகச் சிறிய வேறுபாடு, கிடைக்கும். 200 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஒரு நொடி சேகரித்தால் அது சுமார் 0.04 கெல்வின். ஆனால் பெருக்கம் (அலை எத்தனை மடங்காகிறது என்பது) ஆயிரத்தில் ஒரு பங்கு மாறினாலே பிழை 0.6 கெல்வின் ஆகிவிடும். உங்களை வாட்டுவது இரைச்சல் அன்று, இந்த நகர்வுதான்.

இதற்கான வழியை 1946-இலேயே அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் டிக் காட்டினார்: வாங்கியை வானுக்கும் வெப்பநிலை தெரிந்த ஓர் உள்சுமைக்கும் (கருவிக்குள்ளேயே இருக்கும் ஒப்பீட்டு இரைச்சல் மூலம்) இடையே விரைவாக மாற்றி மாற்றி இணைத்து, வேறுபாட்டை மட்டும் அளப்பது. நுண்மை ஏறத்தாழ பாதியாகக் குறையும், அதாவது 0.04 கெல்வின் சுமார் 0.08 ஆகும். ஆனால் 300 கெல்வின் சுமையோடு ஒப்பிட்டால் அதே நகர்வின் பிழை 0.2 கெல்வினாகச் சுருங்கும். இந்தப் பேரத்தைத் தயங்காமல் ஏற்றுக்கொள்ளலாம். கூடவே பெருக்கிகளைக் காப்பிட்ட பெட்டியில் வைத்து, சித்திரை வெயிலிலும் பெட்டி தானாக எட்டாத 50 டிகிரி செல்சியஸில் சூடேற்றி நிறுத்துங்கள்; குளிர்விப்பதைவிட இது எளிது. மேலே வெள்ளை நிழற்கூரை அவசியம்.

183 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவதும் உதவாது. அங்குள்ள நீராவிக் கோட்டை (நீராவி வலுவாக உறிஞ்சி உமிழும் அலைவெண்) இந்திய-பிரெஞ்சு மேகா டிராபிக்ஸ் செயற்கைக்கோளின் சஃபீர் கருவி மேலிருந்து பார்த்தது. டெல்டாவின் ஈரக்காற்றில் தரையிலிருந்து அக்கோட்டின் மையத்தைப் பார்த்தால், அருகிலுள்ள காற்றின் வெப்பம் மட்டுமே தெரியும்.

அளவுத்திருத்தத்துக்குத் திரவ நைட்ரஜன் (77 கெல்வின்) பயன்படுத்தினால், குளிர்ந்த இலக்கின் நுரைப்பெட்டியில் நம் ஊர் ஈரம் படிந்து அளவைக் கெடுக்கும், அடிக்கடி துடையுங்கள். வானைப் பல கோணங்களில் பார்த்துத் திருத்தும் முறை 22, 31 கிகாஹெர்ட்ஸுக்கு நன்கு பொருந்தும் என்றாலும், காற்று எல்லாத் திசையிலும் ஒரே சீராக இருந்தால்தான் அது செல்லும். பிற்பகலில் நாகப்பட்டினம் பக்கமிருந்து கடற்காற்று ஏறும்போது கிழக்கும் மேற்கும் ஒத்துப்போகா. ஆகவே மேகமற்ற காலையில், ஆன்டெனாவின் மீதுள்ள பனித்துளியை ஊதுவிசிறியால் உலர்த்திவிட்டு, தென்னைகள் ஆன்டெனாவின் பார்வைக் கற்றைக்குள் வராத கோணம்வரை இரு திசையிலும் சாய்த்துப் பாருங்கள். இரண்டும் ஒரு கெல்வினுக்கு மேல் வேறுபட்டால் அன்றைய திருத்தத்தைக் கைவிடுங்கள்.