இருட்டில் சிலந்தி மேக்ரோ: கேள்வி-பதில்

இரவில் சிலந்தியை மேக்ரோவில், அதாவது மிக அருகிலிருந்து பெரிதாக்கி, படம் எடுக்கும்போது இயற்கை வெளிச்சம் என்று ஒன்று இல்லை. நாம் கொண்டுபோகும் வெளிச்சம்தான் முழு வெளிச்சம். கீழே உள்ள கேள்விகளில் பலவற்றுக்கு விடை, அந்த விளக்கை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

கேள்வி: டார்ச் அடித்துக்கொண்டு மணிக்கணக்கில் சுற்றினாலும் ஒன்றிரண்டு சிலந்திதான் கண்ணில் படுகிறது. எங்கே தேடுவது?

டார்ச்சை இடுப்பு உயரத்தில் பிடித்திருந்தால் அப்படித்தான் ஆகும். அதைப் புருவத்துக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். ஓநாய்ச் சிலந்தியின் பெரிய பின்வரிசைக் கண்களுக்குள் டபீட்டம் என்ற மினுக்குப் படலம் இருக்கிறது. விழுந்த ஒளியை அது வந்த வழியே திருப்பி அனுப்பும். விளக்கும் உங்கள் கண்ணும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருந்தால்தான் அந்த மினுக்கம் தெரியும். ஹெட்லேம்ப் போட்டுக்கொண்டு புல்தரையைப் பாருங்கள், பல மீட்டர் தூரத்திலேயே நீலப்பச்சைப் பொட்டுகள் தெரியும். பனித்துளியும் மினுங்கும். ஆனால் தலையை லேசாக அசைத்தால் பனித்துளியின் ஒளி சிதறி நிறம் மாறும். சிலந்திக் கண் ஒரே நிறத்தில் அப்படியே நிற்கும்.

குதிக்கும் சிலந்திக்கு இந்த வழி செல்லாது. அதற்கு டபீட்டம் இல்லை, இரவில் வேட்டையும் இல்லை. மடிந்த இலைக்குள், பட்டை இடுக்கில் பட்டு உறை கட்டிக்கொண்டு தூங்கும். சில இனங்கள் ஒற்றை நூலில் தொங்கியபடியே தூங்கும். உறையைப் பிரித்து எடுக்காதீர்கள். அது அதன் வீடு.

வட்டவலைச் சிலந்திக்கு வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடியுங்கள். நேராக அடித்தால் நூல் மறைந்துவிடும். இருட்டத் தொடங்கிய முதல் ஒன்றிரண்டு மணி நேரம்தான் நல்ல நேரம், பல இனங்கள் அப்போதுதான் வலை கட்டும்.

கேள்வி: அந்தக் கண் மினுக்கம் என் படங்களில் வருவதே இல்லை. ஏன்?

டிஃப்யூசர் (ஒளியை மென்மையாகப் பரப்பும் மறைப்பு) போட்ட ஃபிளாஷ் லென்ஸுக்கு மேலே இருக்கிறது. திரும்பும் ஒளி ஃபிளாஷை நோக்கிப் போகிறது, லென்ஸுக்குள் வருவதில்லை. சிறிய எல்இடி டார்ச் ஒன்றை லென்ஸ் குழாயை ஒட்டியே பிடித்து, ஃபிளாஷ் திறனைக் குறைத்து, ஷட்டரை 1/60 நொடி அளவுக்கு இறக்கிப் பாருங்கள். லென்ஸைச் சுற்றி மாட்டும் ரிங் ஃபிளாஷிலும் வரும்.

கேள்வி: 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ். கூர்மையாகத் தெரியும் ஆழம் அதிகம் வேண்டுமென்று எஃப்/22 வைக்கிறேன். கால் முதல் வயிறு வரை எல்லாம் தெரிகிறது, ஆனால் எதிலும் கூர்மை இல்லை.

டிஃப்ராக்ஷன்தான் காரணம்: மிகச் சிறிய துளை வழியே போகும் ஒளி வளைந்து பரவிவிடும். மேக்ரோவில் உருப்பெருக்கம் கூடும்போது அபெர்ச்சரும் (லென்ஸின் ஒளித்துளை) உண்மையில் சுருங்கிவிடுகிறது. நடைமுறைக் கணக்கு இது: நீங்கள் வைத்த எஃப் எண்ணை, 1 கூட்டல் உருப்பெருக்கம் என்பதால் பெருக்குங்கள். 1:1-ல், அதாவது சென்சாரில் விழும் பிம்பம் சிலந்தியின் உண்மை அளவிலேயே இருக்கும்போது, எஃப்/22 என்பது எஃப்/44-க்குச் சமம். அதில் சிலந்தியின் மயிர்கள் கரைந்துதான் போகும்.

1:1-ல் எஃப்/8 முதல் எஃப்/11 வரை, 2:1-ல் எஃப்/5.6 முதல் எஃப்/8 வரை நிறுத்திக்கொள்ளுங்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 1:1-ல் எஃப்/11 வைத்தால் கிடைக்கும் ஆழம் ஏறக்குறைய 1.3 மி.மீ. அவ்வளவுதான். அந்த 1.3 மில்லிமீட்டரை எங்கே செலவழிப்பது என்பதுதான் உங்கள் கையில் இருக்கிறது. முன்வரிசைக் கண்களில் செலவழியுங்கள். கால் மங்கலாக இருக்கும் சிலந்திப் படத்தை யாரும் குறை சொல்வதில்லை. கண் மங்கலாக இருந்தால் அந்தப் படம் போச்சு.

கேள்வி: 5 மி.மீ. அளவுள்ள சிலந்தி. 1:1 லென்ஸில் மிகச் சிறியதாகத் தெரிகிறது. லென்ஸ் மாற்றாமல் பெரிதாக்க முடியுமா?

முடியும். 36 மி.மீ. அகல சென்சாரில், 1:1-ல் அந்தச் சிலந்தி அகலத்தில் ஏழில் ஒரு பங்குதான் வரும். லென்ஸ் முன்னால் மாட்டும் ரேநாக்ஸ் டிசிஆர்-250 போன்ற 8 டையாப்டர் குளோஸ்-அப் லென்ஸ், 100 மி.மீ. மேக்ரோவை 2:1-க்குப் பக்கத்தில் கொண்டுபோகும். எக்ஸ்டென்ஷன் டியூப் (கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாய்) என்றால், டியூபின் நீளத்தை லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் கூடும் உருப்பெருக்கம் கிடைக்கும்: 50 மி.மீ. லென்ஸில் 50 மி.மீ. டியூப் போட்டால் 1:1. நீண்ட லென்ஸில் டியூப் போட்டால் பலன் குறைவு, ஆட்டம் அதிகம். இரவு வேலைக்கு குளோஸ்-அப் லென்ஸையே சிபாரிசு செய்வேன். இருட்டில் கேமராவைத் திறந்து டியூப் மாற்றினால் சென்சாரில் தூசியும் பூச்சியும் விழும்.

கேள்வி: சிலந்தியின் முதுகில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுகிறது. டிஃப்யூசர் போட்டுத்தான் எடுக்கிறேன்.

டிஃப்யூசர் இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. அது சிலந்தியின் பக்கத்திலிருந்து பார்த்தால் எவ்வளவு பெரிதாக இருக்கிறது? ஃபிளாஷ் தலையில் மாட்டும் சின்ன வெள்ளை மூடி, 15 செ.மீ. தள்ளி இருக்கும் சிலந்திக்கு இன்னும் ஒரு சின்ன ஜன்னல்தான். சிலந்தியின் ஓடு பளபளப்பானது. எந்த விளக்கு இருக்கிறதோ அதை அப்படியே பிரதிபலிக்கும்.

நீங்களே செய்யலாம். ஃபிளாஷை கேமரா மேல் பொருத்தி முன்பக்கம் சாயுங்கள். தலையிலிருந்து 3, 4 செ.மீ. இடைவெளி விட்டு டிரேசிங் பேப்பரால் முதல் அடுக்கு. தலையில் ஒட்ட வைக்காதீர்கள், சூடேறும், ஒளியும் பரவாது. இரண்டாவது அடுக்கு, பொட்டலம் கட்ட வரும் மெல்லிய வெள்ளை ஃபோம் தாள், சுமார் 20 செ.மீ. அகலம், 15 செ.மீ. நீளம். அதை வில்போல் வளைத்து, முன் விளிம்பு லென்ஸ் முனையைத் தாண்டிக் கொஞ்சம் கீழே இறங்கும்படி வையுங்கள். பக்கவாட்டில் ஒளி கசியாமல் உள்ளே வெள்ளை அட்டை ஒட்டுங்கள்.

சோதனைக்குச் சிலந்தி வேண்டாம். எவர்சில்வர் கரண்டியின் முதுகையோ சைக்கிள் பால்ரஸ் குண்டையோ படம் எடுத்துப் பாருங்கள். அதில் தெரியும் வெள்ளைப் பிம்பம் நடுவில் கொதித்து ஓரத்தில் மங்கினால் முதல் அடுக்கு பத்தவில்லை, இன்னொரு தாள் சேருங்கள். பிம்பம் ஓரம்வரை ஒரே சீராக வந்தால் சரி. சிலந்தியின் கண்ணிலும் இதே பிம்பம்தான் விழும். கண்ணில் கூர்மையான சதுரம் இருந்தால் செயற்கையாகத் தெரியும். மேல்பாதியில் மென்மையான வளைவாக ஒளி படர்ந்து, கீழ்ப்பாதி கறுப்பாக ஆழம் காட்டினால், அது உங்களைப் பார்ப்பதுபோல இருக்கும்.

கேள்வி: டிடிஎல் மோடில் (ஃபிளாஷ் அளவைக் கேமராவே கணக்கிடும் முறை) வைத்தால் சிலந்தி வெளுத்துப்போகிறது. மேனுவலில் என்ன எண்கள் வைப்பது?

படத்தில் முக்கால்வாசி இருட்டு. அதைப் பார்த்து டிடிஎல், ஒளி பத்தவில்லை என்று முடிவு கட்டிக் கூட்டிவிடுகிறது. டிடிஎல்-தான் வேண்டும் என்றால் ஃபிளாஷ் காம்பென்சேஷனை −1 வைத்துப் பாருங்கள்.

மேனுவல் இதைவிட நிம்மதி. சிலந்திக்கும் டிஃப்யூசருக்கும் இடையே தூரம் பெரிதாக மாறாததால், ஒருமுறை பிடிபட்ட அளவு இரவு முழுக்கச் செல்லும். தொடங்க: ஷட்டர் 1/200, அதாவது உங்கள் கேமராவின் சிங்க் வேகத்துக்குள் (ஃபிளாஷோடு ஒத்துப்போகும் மிக வேகமான ஷட்டர்), எஃப்/11, ஐஎஸ்ஓ 200, ஃபிளாஷ் முழுத் திறனில் 1/16. வெளுத்தால் 1/32, இருண்டால் 1/8. ஹை-ஸ்பீட் சிங்க்கை (அதைவிட வேகமான ஷட்டருக்காக ஃபிளாஷ் விட்டுவிட்டு அடிக்கும் முறை) அணைத்துவிடுங்கள். அது ஃபிளாஷின் திறனை விழுங்கும், அசைவையும் நிறுத்தாது. சாதாரண மோடில் 1/16, 1/32 திறனில் ஃபிளாஷ் வெடிப்பு ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவு. கை நடுக்கத்தை நிறுத்துவது ஷட்டர் அல்ல, அந்த வெடிப்புதான்.

கேள்வி: பின்னணி எப்போதும் கருங்கறுப்பு. பகல் போலப் பச்சையாக வர வைக்க முடியுமா?

ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. டிஃப்யூசர் சிலந்திக்கு 10 செ.மீ. தூரத்தில், பின்னால் உள்ள இலை டிஃப்யூசருக்கு 40 செ.மீ. தூரத்தில் என்றால், இலைக்குக் கிடைப்பது தோராயமாகப் பதினாறில் ஒரு பங்கு. அதுதான் கறுப்பு.

கோணத்தை மாற்றி, 5 முதல் 10 செ.மீ. பின்னால் ஓர் இலை வரும் இடமாக நின்று எடுங்கள். செடியிலேயே அப்படி இலை இல்லாவிட்டால் உதிர்ந்த இலை ஒன்றை நண்பர் பின்னால் பிடிக்கலாம். இன்னொரு வழி, சின்ன இரண்டாவது ஃபிளாஷை ரிமோட்டில் வைத்துப் பின்னால் உள்ள புதரை நோக்கி அடிப்பது. ஆனால் கறுப்பைக் கண்டு பயப்பட வேண்டாம். வெளிர் நிறச் சிலந்திக்கும் வலைக்கும் கறுப்பு அழகு. கறுப்புச் சிலந்திக்குத்தான் அது கூடாது, காலின் ஓரம் இருட்டோடு கலந்துவிடும்.

கேள்வி: ஆட்டோஃபோகஸ் இருட்டில் தேடிக்கொண்டே இருக்கிறது. மேனுவலில் வைத்தால் நான் ஆடுகிறேன்.

ஃபோகஸ் வளையத்தைத் தொடாதீர்கள். வேண்டிய உருப்பெருக்கத்தில் வளையத்தை வைத்துவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் மெல்ல நகர்த்துங்கள். கண் கூர்மையாகும் நொடியில் அழுத்துங்கள். ஃபோகஸ் பார்க்க ஹெட்லேம்ப் அல்லது ஃபிளாஷ் அடியில் கட்டிய சின்ன எல்இடி போதும். அதன் ஒளி ஃபிளாஷ் முன்னால் அற்பம், படத்தில் வராது.

ஆட்டத்துக்கு மருந்து இடது கை. இடது கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் சிலந்தி இருக்கும் தண்டை, சிலந்திக்கு ஒரு சாண் கீழே மெல்லப் பிடியுங்கள். அதே கையின் மணிக்கட்டில் லென்ஸை வையுங்கள். இப்போது செடியும் கேமராவும் ஒன்றாக ஆடும்; ஒன்றுக்கொன்று ஆடாது. காற்று வீசினாலும் வேலை நடக்கும். தண்டைப் பிடிக்கும் முன் அதில் முள், எறும்பு, பாம்பு எதுவும் இல்லையென்று வெளிச்சம் அடித்துப் பார்ப்பதை ஒருநாளும் விடாதீர்கள். வலை கட்டியிருக்கும் செடியில் இதைச் செய்யக்கூடாது. அந்த அதிர்வு நூல் வழியே சிலந்திக்குப் போய்விடும்.

மூச்சும் ஒரு பிரச்சினைதான். நேராக மூச்சு பட்டால் சிலந்தி ஓடும். வாயைத் திருப்பி விடுங்கள்.

கேள்வி: கையில் பிடித்தே ஃபோகஸ் ஸ்டாக்கிங் (வெவ்வேறு ஆழத்தில் கூர்மையான பல படங்களை ஒன்றாக அடுக்குவது) செய்யலாமா?

அசையாமல் பதுங்கியிருக்கும் சிலந்தி என்றால் செய்யலாம். ஃபிளாஷை 1/32-க்கு இறக்கி, ஐஎஸ்ஓ-வைக் கொஞ்சம் ஏற்றி, தொடர் படப்பிடிப்பில் வைத்து, முன்கண்ணுக்குச் சற்று முன்பிருந்து பின்பக்கம்வரை மெல்ல நகர்ந்தபடி 8 முதல் 15 படம். திறன் குறைவாக இருந்தால்தான் ஃபிளாஷ் உடனுக்குடன் நிரம்பும்; நடுவில் ஒரு படம் கறுப்பாகப் போனால் அடுக்கில் ஓட்டை விழும். சில கேமராக்கள் தானியங்கி ஃபோகஸ் பிராக்கெட்டிங்கில் ஃபிளாஷை வேலை செய்ய விடாது, கையேட்டைப் பார்த்துவிடுங்கள்.

படங்களை அடுக்கும் ஜெரீன் ஸ்டாக்கர் மென்பொருளில் பிமேக்ஸ் முறை, குறுக்கே ஓடும் கால்களையும் மயிர்களையும் நன்றாகப் பிரிக்கும், இரைச்சலைக் கூட்டும். அதிலுள்ள இன்னொரு முறையான டிமேப் நிறத்தையும் மென்மையையும் காக்கும். கால் ஓரங்களில் ஒளிவட்டம் விடும். பிமேக்ஸில் ஒன்று, டிமேப்பில் ஒன்று எடுத்து, வயிற்றை டிமேப்பிலிருந்து ஒட்டுவது நல்ல பழக்கம்.

கேள்வி: சிலந்தி வலை பின்னுவதைத் தொந்தரவு இல்லாமல் எடுக்க வேண்டும்.

வட்டவலையில் முதலில் வெளிச் சட்டம், பிறகு நடுவிலிருந்து விரியும் ஆரங்கள், பிறகு நடுவிலிருந்து வெளியே ஒட்டாத தற்காலிகச் சுருள். கடைசியில் வெளியிலிருந்து உள்ளே ஒட்டும் சுருள். தற்காலிகச் சுருளை அறுத்துக்கொண்டே வரும். இந்தக் கடைசிக் கட்டத்துக்குக் காத்திருங்கள். ஒரே தாளத்தில் வேலை நடக்கும்: பின்னங்கால் நூலை இழுக்கும், ஆரத்தில் ஒட்டும், அடுத்த ஆரத்துக்கு நகரும். ஓரிரு சுற்று பார்த்தால் அடுத்து எங்கே வரும் என்று சொல்லிவிடலாம். அங்கே ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள்.

ஃபிளாஷ் வலைக்குப் பின்னால், பக்கவாட்டில், சட்டகத்துக்கு வெளியே. லென்ஸ் ஹூட் கட்டாயம். நூல் தெரிய மாவு தூவுவது, தண்ணீர் பீய்ச்சுவது வேண்டவே வேண்டாம். பல வட்டவலைச் சிலந்திகள் பழைய வலையைத் தின்று அந்தப் புரதத்தில்தான் புது வலை செய்கின்றன. வலையைக் கெடுத்தால் அன்றைய சாப்பாடும் போகும்.

கேள்வி: ஃபிளாஷ் சிலந்தியின் கண்ணைக் கெடுக்குமா?

கால்களில் சிறு வலையைப் பிடித்து இரைமேல் வீசும் வலைவீசும் சிலந்தியிடம் கூடுதல் கவனம் தேவை. அதன் முன்பக்கப் பெரிய இரண்டு கண்களின் எஃப் எண் சுமார் 0.58, நம் எந்த லென்ஸும் அதன் பக்கத்தில் வராது. ஒளியை உணரும் சவ்வை அது ஒவ்வொரு அந்தியிலும் புதிதாக உருவாக்கி, விடியலில் கலைத்துவிடுகிறது. அப்படிப்பட்ட கண்ணில் டார்ச்சைத் தொடர்ந்து அடித்துக்கொண்டு நிற்பது நியாயமில்லை. மங்கலான விளக்கில் ஃபோகஸ் செய்து, நான்கைந்து படத்தோடு விலகிவிடுங்கள். மற்ற சிலந்திகளிடமும் தொடர் வெளிச்சத்தைக் குறைத்தால் அவை இயல்பாக இருக்கும், படமும் நன்றாக வரும்.

கேள்வி: தலைகீழாகத் தொங்கி அசையாமல் இருக்கிறது, நிறம் வெளிறியிருக்கிறது. செத்துவிட்டதா?

தோலுரிக்கிறது. தலைப்பக்க ஓடு மூடிபோல முதலில் திறக்கும், பிறகு கால்கள் உருவப்படும். அந்த நேரத்தில் உடம்பும் கோரைப்பல்லும் மெத்தென்று இருக்கும்; நூல் அறுந்து விழுந்தால் கால் கோணிவிடும். செடியைத் தொடாதீர்கள், இலையை ஒதுக்காதீர்கள். வெளிர் உடம்பு என்பதால் ஃபிளாஷை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறையுங்கள்.

கேள்வி: வீட்டை விட்டு வெளியே வந்ததும் லென்ஸ் பனி பிடித்துவிடுகிறது.

குளிரூட்டிய அறையிலிருந்து ஈரக்காற்றுக்கு வந்தால் அப்படித்தான். பையை மூடியபடியே அரை மணி முதல் ஒரு மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு திறங்கள். துடைத்தால் மறுபடியும் பிடிக்கும்.

கேள்வி: ஓட்டம் நிற்க, சிலந்தியைக் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுக்கலாம் என்கிறார்கள்.

கூடாது. குளிரில் மரத்த சிலந்தி காலை ஒடுக்கிக்கொண்டு கிடக்கும். பழகிய கண்ணுக்கு அது உடனே தெரியும். அதன் இயல்பான நிற்பும் பதுங்கலும் படத்தில் இருக்காது. அதற்குப் பதில், விடிவதற்கு முந்தைய குளிர்ந்த ஒரு மணி நேரத்தில் போங்கள். அப்போது அவை தாமாகவே மெதுவாக இருக்கும், உடம்பில் பனித்துளியும் இருக்கும். ஓடுகிற சிலந்தியை ஓட விடுங்கள். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் பெரும்பாலும் அதே தண்டில் வேறொரு பக்கம் உட்கார்ந்திருக்கும்.