மாமா துபாயிலிருந்து கிளம்புவதற்குள்: வாசகர் கேள்வி, பதில்

அண்ணே, வணக்கம். துபாயில் இருக்கும் மாமா அடுத்த மாதம் லீவில் வருகிறார். ஸ்டீம் டெக் மாதிரி கையில் வைத்து கேம் ஆடும் ஒரு ஹேண்ட்ஹெல்ட் கேட்டிருக்கிறேன். கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் என்னிடம் நாற்பது கேம் இருக்கிறது, அது போக கூட்டாளிகளோடு தினமும் வேலோரன்ட் என்ற ஆன்லைன் கேம் ஆடுவேன். எல்லாம் ஓடுமா? விண்டோஸ் உள்ளதை வாங்குவதா, ஸ்டீம் ஓஎஸ் உள்ளதை வாங்குவதா?
*வாசகர், செங்கோட்டை*

தம்பி, முதலில் மாமாவுக்கு ஒரு போன் போட்டு, ஒரு வாரம் கழித்து வாங்கினால் போதும் என்று சொல்லிவிடுங்கள். வேலோரன்ட் ஸ்டீம் டெக்கில் ஓடாது. அதற்குத்தான் வாங்குகிறீர்கள் என்றால் வேண்டவே வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். டெக்கில் இருக்கும் ஸ்டீம் ஓஎஸ், விண்டோஸ் இல்லை, லினக்ஸ் வகை இயங்குதளம். உங்கள் நாற்பது கேமில் பெரும்பாலானவை விண்டோஸுக்காக எழுதப்பட்டவையாக இருக்கும். நடுவில் புரோட்டான் என்று ஒரு மென்பொருள், 2018-ல் ஸ்டீமை நடத்தும் வால்வ் வெளியிட்டது, விண்டோஸிடம் கேம் கேட்பதையெல்லாம் லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கிறது. விண்டோஸின் டைரக்ட் 3டி-யில் வரச் சொன்ன படத்தை, லினக்ஸிலும் ஓடும் வல்கன் என்ற வரைகலை முறையில் வரைய வைக்கிறது. புனலூர் சந்தைக்குக் காய்கறி லோடு கொண்டு போகும் நம்மூர் டிரைவர் தமிழில் விலை சொல்ல, கூட நிற்கிறவர் அதை மலையாளத்தில் சொல்லி வியாபாரத்தை முடித்து வைப்பார் பாருங்கள், அந்த வேலைதான். ஆனால் புளியரை சோதனைச் சாவடியில் அது நடக்காது, அங்கே வண்டியின் அசல் பேப்பரைக் காட்டியாக வேண்டும். வேலோரன்ட்டின் வேன்கார்ட் என்ற ஏமாற்றுத் தடுப்பு அந்தச் சாவடி மாதிரி. விண்டோஸின் அடிமட்டத்திலேயே உட்கார்ந்து கண்காணிக்கிற மென்பொருள் அது, லினக்ஸில் அதற்கு இடமே இல்லை. ஃபோர்ட்நைட், டெஸ்டினி 2 இரண்டும் வேறு தடுப்புகளை வைத்திருந்தாலும் டெக்கில் ஆட முடியாதவைதான்.

விண்டோஸ் ஹேண்ட்ஹெல்ட் வாங்கினால்? வேலோரன்ட் திறக்கும். ஆனால் கணினியில் அந்த கேமுக்கு கன்ட்ரோலர் வசதியே கிடையாது, மவுஸும் கீபோர்டும் செருகித்தான் ஆட வேண்டும். மேஜை போட்டு உட்கார்ந்து ஆடுவதற்கு எதற்கு ஹேண்ட்ஹெல்ட்? அதை வீட்டுக் கணினியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மீதி நாற்பதுக்கு வருவோம். ஒரு நோட்டை எடுத்து நாற்பதின் பெயரையும் எழுதுங்கள். ஸ்டீமில் ஒவ்வொரு கேமுக்கும் டெக்கில் எப்படி ஓடும் என்று குறி போட்டிருப்பார்கள். பச்சை டிக் என்றால் அப்படியே ஆடலாம், மஞ்சள் என்றால் ஓடும், ஆனால் ஏதாவது ஒரு தொந்தரவு இருக்கும், தடைக்குறி என்றால் ஆசையை விட்டுவிடுங்கள். சிலவற்றைப் பரிசோதித்தே இருக்க மாட்டார்கள். அவற்றுக்குப் புரோட்டான்டிபி என்ற தளத்தில் ஆடிப் பார்த்தவர்கள் எழுதி வைத்திருப்பதைப் படியுங்கள். இதில் மஞ்சளைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். எனக்குப் பிடித்த ஒரு வியூக விளையாட்டு மஞ்சள். ஓடுகிறது, குறையே இல்லை. ஆனால் 7 அங்குலத் திரையில் எழுத்து அவ்வளவு பொடி, மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி தேடுகிற மாதிரி மூக்குக்குக் கிட்டே கொண்டுவந்து படித்தேன், பத்து நிமிஷத்தில் கண் எரிந்துவிட்டது. உங்கள் நாற்பதில் நீங்கள் இப்போது உண்மையிலேயே ஆடுகிறவை எத்தனை, அதில் பச்சை எத்தனை, இந்தக் கணக்கு போட்ட பிறகு முடிவு தானாக வந்துவிடும்.

தனியாக ஆடும் கேம்கள்தான் அதிகம் என்றால் என் ஓட்டு ஸ்டீம் ஓஎஸ்ஸுக்கு. அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் பவர் பட்டனை ஒரு அமுக்கு, வந்து மறுபடி ஒரு அமுக்கு, விட்ட இடத்தில் நிற்கும். விண்டோஸில் இதை நம்பி ஆட முடிவதில்லை. ஸ்டீம் ஓஎஸ் வேண்டுமென்றால் டெக்தான் என்றும் இல்லை, லெனோவாவின் லீஜன் கோ எஸ் 2025-ல் ஸ்டீம் ஓஎஸ்ஸோடும் வந்தது. அப்புறம், டெக் இந்தியாவில் முறைப்படி விற்கப்படுவதில்லை. பழுதானால் மாமாதான் திரும்பத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், பில்லை மறக்காமல் வாங்கி வரச் சொல்லுங்கள். விண்டோஸ்தான் என்று முடிவு செய்தால் அசுஸ் ஆர்ஓஜி அலை (ROG Ally) இங்கேயே வாரண்டியோடு கிடைக்கிறது, மாமாவின் பெட்டியில் அந்த இடத்தை வேறு எதற்காவது விட்டுவிடலாம். துபாய் சார்ஜரின் மூன்று சதுர முனை நம் வீட்டு பிளக்கில் ஏறாது. அது பெரிய விஷயமில்லை, டைப்-சி தான், 45 வாட் பிடி (பவர் டெலிவரி) சார்ஜர் ஒன்று இங்கே வாங்கிக்கொள்ளலாம்.

மகளிடம் பழைய நின்டெண்டோ ஸ்விட்ச்சும் ஒன்பது கார்ட்ரிட்ஜும் இருக்கின்றன. ஜப்பானில் வேலை பார்க்கும் என் தம்பி ஸ்விட்ச் 2 வாங்கித் தருகிறேன் என்கிறான், அங்கே விலை குறைவாம். பழைய கார்ட்ரிட்ஜ்கள் வீணாகிவிடுமா?
*வாசகி, கொழிஞ்சாம்பாறை*

வீணாகாது அம்மா. 2017-ல் வந்த ஸ்விட்ச்சின் கார்டுகள் ஸ்விட்ச் 2-ல் செருகினால் பெரும்பாலும் ஓடும். இத்தனைக்கும் பழைய சிப் அதற்குள் இல்லை, பழைய கேமின் தரவை ஆடும்போதே புதியதற்கு ஏற்ப மாற்றிக்கொள்கிறது. அதனால் ஒன்றிரண்டு கேம் தகராறு செய்யலாம், நின்டெண்டோவின் பட்டியலில் ஒன்பதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பழைய ஜாய்கானை, அதாவது பக்கத்தில் மாட்டும் கன்ட்ரோலரை, வயர்லெஸ்ஸாகச் சேர்க்கலாம், பக்கவாட்டில் மாட்ட முடியாது, புதியது காந்தத்தில் ஒட்டுகிறது. ரிங் ஃபிட் மாதிரி ஜாய்கானைச் செருகி ஆடும் கேம் இருந்தால் பழைய ஜோடியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். மெமரி கார்டு புதிதாக வாங்க வேண்டும், மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் என்று கேட்டு வாங்குங்கள், பழைய கார்டில் கேம் வைக்க முடியாது.

தம்பியிடம் மட்டும் இன்றைக்கே பேசுங்கள். ஜப்பானில் குறைந்த விலைக்கு விற்பது ஜப்பானிய மொழி மட்டும் உள்ள பதிப்பு, ஜப்பான் என்று பதிவான கணக்குதான் அதில் சேரும். குழந்தை மெனுவைக்கூடப் படிக்க முடியாது. பல மொழிப் பதிப்பு என்று தனியாக இருக்கிறது, காசு கூடினாலும் அதுதான் வேண்டும்.

கொல்லம் ரயிலில் ஆடுவதற்காகவே ஒரு ஹேண்ட்ஹெல்ட் வாங்கப் போகிறேன். கேம் வேறெங்கோ சர்வரில் ஓடி, படம் மட்டும் நெட்டில் வரும் கிளவுட் கேமிங் சரியாக வருமா?
*வாசகர், தென்மலை*

வராது. பகவதிபுரம் தாண்டி மலைக்குள் நுழைந்தால் சிக்னல் எப்போது இருக்கும், எப்போது போகும் என்று உங்களுக்கே தெரியும், குகைக்குள் சுத்தமாக இல்லை. என் டெக்கில் டவுன்லோட் செய்து வைத்த கேம்கூட ஒருநாள் ஆரியங்காவில் திறக்க மறுத்தது, ஏனென்றால் அதை நெட்டில் ஒரு முறைகூட நான் திறந்திருக்கவில்லை. வீட்டு வைஃபையில் ஒவ்வொரு கேமையும் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு ஆஃப்லைன் மோடுக்கு மாற்றிக்கொண்டு கிளம்புங்கள். எப்போதும் நெட் கேட்கும் கேம்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கனமான கேம் என்றால் 40 வாட்-ஹவர் பேட்டரியுள்ள முதல் டெக் இரண்டு மணி நேரம் நின்றாலே நல்லது, 50 உள்ள ஓலெட் திரை டெக் கொஞ்சம் கூட நிற்கும்.

சின்ன வயதில் அப்பா வாங்கித் தந்த பிஎஸ்பி என்ற சோனி ஹேண்ட்ஹெல்ட்டும் அதன் ஆறு யுஎம்டி கேம் டிஸ்க்கும் பத்திரமாக இருக்கின்றன. புதிய ஹேண்ட்ஹெல்ட் எதிலாவது அந்த டிஸ்க்கைப் போடலாமா?
*வாசகர், குமுளி*

போட முடியாது. சோனியே 2009-ல் பிஎஸ்பி கோ-விலும், 2011 டிசம்பரில் ஜப்பானில் வந்த வீட்டா ஹேண்ட்ஹெல்ட்டிலும் யுஎம்டி போடும் வாயை எடுத்துவிட்டது. அந்த ஆறையும் படிக்க உங்கள் பிஎஸ்பிதான் வேண்டும். வழி இருக்கிறது. அதே பிஎஸ்பியில் டிஸ்க்கைப் படித்து ஃபைலாக எடுத்துக்கொண்டால் பிஎஸ்பி மாதிரியே நடிக்கும் பிபிஎஸ்எஸ்பிபி என்ற எமுலேட்டர் மென்பொருளில் ஆடலாம், ஆண்ட்ராய்டிலும் விண்டோஸிலும் லினக்ஸிலும் அது ஓடும். மெமரி ஸ்டிக்கில் இருக்கும் சேவ் ஃபைலையும் காப்பி செய்யுங்கள், சின்ன வயதில் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், இந்தப் பதிலைப் படித்ததும் பிஎஸ்பியின் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தாமல், குத்தாமல் எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள், அதில் சார்ஜ் போடவே கூடாது.