கலைஞர்கள் கூட்டாகச் செய்த ப்ரோக்ரசிவ், ஃபோக் ராக் ஆல்பங்களில் எதிலிருந்து தொடங்கலாம்?

2020 செப்டம்பரில் வந்த 'பிட்வீன் எ ப்ரெத் அண்ட் எ ப்ரெத்' ஆல்பத்தைத்தான் முதலில் சொல்வேன். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜூடி டைபிளும் டேவிட் லாங்டனும் சேர்ந்து செய்தது. நாட்டுப்புறப் பாட்டின் சாயலுள்ள ஃபோக் ராக், நீண்ட, சிக்கலான அமைப்புள்ள ப்ரோக்ரசிவ் ராக் (சுருக்கமாக ப்ரோக்) என்று நீங்கள் கேட்ட இரண்டு வகையும் இதில் ஒன்றாகவே கலந்திருக்கின்றன.

ஜூடி யார் என்று தெரிந்துகொண்டு கேட்டால் இன்னும் பிடிக்கும். ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற ஆங்கில ஃபோக் ராக் குழு என்றதும் எல்லோரும் சாண்டி டென்னியைத்தான் நினைப்பார்கள். அவருக்கு முன் அந்தக் குழுவில் பாடியவர் ஜூடி. 1968-ல் அங்கிருந்து வெளியே வந்ததும், இசைக்கலைஞர் இயன் மெக்டொனால்டும் அவரும் 'மெலடி மேக்கர்' பத்திரிகையில் ஒரு விளம்பரம் கொடுத்தார்கள். அதைப் பார்த்துக் கூப்பிட்டவர் பீட்டர் ஜைல்ஸ். அப்போது அவருடன் ஒரே குழுவில் இருந்தவர் கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃப்ரிப். ஜூடி சீக்கிரமே விலகிவிட்டார், மெக்டொனால்டு அங்கேயே தங்கிவிட்டார். அந்தக் குழுவிலிருந்துதான் கிங் கிரிம்சன் என்ற ப்ரோக் குழு உருவானது, அடுத்த ஆண்டே அதன் முதல் ஆல்பம் வந்தது. அதில் கிரெக் லேக் பாடிய 'ஐ டாக் டு தி விண்ட்' பாடலை அதற்கு முன்பே ஜூடி பாடிப் பதிவு செய்திருந்தார். 1976-ல் வந்த கிங் கிரிம்சன் தொகுப்பில் அதைக் கேட்கலாம். ஃபோக் வேறு, ப்ரோக் வேறு என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு பதிவையே போட்டுக் காட்டுவேன்.

அப்புறம் எழுபதுகளில் இசையை விட்டுவிட்டு நூலக வேலைக்குப் போனார். பாட்டுக்குத் திரும்பியது 2000-க்குப் பிறகுதான்.

லாங்டன், பிக் பிக் ட்ரெய்ன் என்ற ஆங்கில ப்ரோக் குழுவின் பாடகராக இருந்தவர், புல்லாங்குழலும் வாசித்தார். 2017-ல் வந்த அவர்களுடைய 'கிரிம்ஸ்பவுண்ட்' ஆல்பத்தில் 'தி ஐவி கேட்' பாடலை ஜூடியும் சேர்ந்து பாடினார். இந்தக் கூட்டு ஆல்பத்தில் வரிகள் ஜூடியுடையவை, இசை பெரும்பாலும் லாங்டனுடையது. ஜூடியின் குரலில் வயது தெரிகிறது. லாங்டன் அதை மறைக்கப் பார்க்கவில்லை. அந்தக் குரல் பேசுவதுபோல இறங்கும் இடங்களில் வாத்தியங்களை ஒதுக்கி வைக்கிறார், அது ஓயும்போது மட்டும் இசையை விரிக்கிறார். நீளமான 'ஃபிரான்ஸ்' பாடலில் இதை நன்றாகக் கேட்கலாம். கூட்டு முயற்சி என்ற பெயரில் ஆளுக்கொரு பாட்டைப் பிரித்துக்கொள்ளும் ஆல்பங்கள் எத்தனையோ உண்டு. இங்கே ஒருவர் இன்னொருவரைக் கூர்ந்து கேட்டிருக்கிறார். எனக்கு இது இவ்வளவு பிடிக்க அதுதான் காரணம்.

ஆல்பம் வெளியாவதற்கு முன்பே, ஜூலை 12 அன்று, ஜூடி புற்றுநோயால் காலமானார். அடுத்த ஆண்டு நவம்பரில் லாங்டனும் போய்விட்டார், அவருக்கு 56 வயதுதான். ஆகவே இந்த ஜோடியின் ஆல்பமாக நமக்குக் கிடைத்தது இந்த ஏழு பாடல்கள் மட்டுமே.

இது பிடித்தால், அடுத்து ப்ரோக் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சனும் ஓபெத் என்ற மெட்டல் குழுவின் மைக்கேல் ஓகர்ஃபெல்ட்டும் செய்த 'ஸ்டார்ம் கொரோஷன்' (2012) கேளுங்கள். மெட்டலை எதிர்பார்க்காதீர்கள், மிக மெதுவாக நகரும். யெஸ் என்ற ப்ரோக் குழுவின் பழைய பாணி பிடிக்கும் என்றால், அதன் முன்னாள் பாடகர் ஜான் ஆண்டர்சனும் கிட்டார் கலைஞர் ரொய்னே ஸ்டோல்ட்டும் சேர்ந்த 'இன்வென்ஷன் ஆஃப் நாலெட்ஜ்' (2016) சரியாக இருக்கும்.