மகள் மேக்புக் கேட்கிறாள், வாங்கலாமா?

உங்கள் கேள்வி புரிகிறது சார். மகள் கணினிப் பொறியியல் மூன்றாம் ஆண்டு, ஐபோன் ஆப் கோர்ஸில் சேர மேக்புக் வேண்டும் என்கிறாள், கடனை வாங்கி அதை எடுத்துக் கொடுத்தபிறகு அந்தத் தொழிலே படுத்துவிட்டால் யார் பொறுப்பு என்கிறீர்கள். நோக்கியா கதை தெரிந்த யாருக்கும் வரக்கூடிய பயம்தான்.

2007-ல் ஐபோன் வந்தபோது உலகத்து ஸ்மார்ட்போன்களில் பாதிக்கு மேல், நோக்கியா பயன்படுத்திய சிம்பியன் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் ஓடின. அதில் புரோகிராம் எழுதுவது படுகஷ்டம் என்பதால் அது தெரிந்தவர்களுக்கு நல்ல கிராக்கி. 2011 பிப்ரவரியில் நோக்கியாவின் சி.இ.ஓ. ஸ்டீபன் எலோப், இனி எங்கள் ஸ்மார்ட்போனில் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போன்தான் என்று அறிவித்தார், அந்த ஆண்டுக்குள்ளேயே சிம்பியன் வேலையும் அதைச் செய்துகொண்டிருந்தவர்களும் அக்சென்ச்சர் என்ற ஐடி கம்பெனியின் கைக்கு மாறினார்கள். சரி, விண்டோஸ் போனாவது நின்றதா என்றால் அதுவும் இல்லை. 2014-ல் நோக்கியாவின் போன் தொழிலை வாங்கிய மைக்ரோசாஃப்ட், அடுத்த வருடமே சுமார் 760 கோடி டாலரை நஷ்டமாக எழுதிவிட்டது. (ஸ்ரீபெரும்புதூர் ஆலை வரித் தகராறில் மாட்டியிருந்ததால் அந்த விற்பனையில் சேரவே இல்லை, 2014 நவம்பரில் மூடினார்கள்.)

இத்தனைக்கும் விண்டோஸ் போன் மோசமான சரக்கு இல்லை. ஆப் இல்லை என்று ஆட்கள் வாங்கவில்லை, ஆட்கள் இல்லை என்று யாரும் ஆப் எழுதவில்லை, அவ்வளவுதான். போன் கம்பெனிகளிடம் மைக்ரோசாஃப்ட் லைசென்ஸ் காசு கேட்ட நேரத்தில் கூகுள் ஆண்ட்ராய்டைச் சும்மாவே கொடுத்தது, ஏனென்றால் அதன் வருமானம் தேடலிலும் விளம்பரத்திலும் இருக்கிறது. ஆப்பிளுக்கோ போன் விற்பதிலும் ஆப் ஸ்டோர் கமிஷனிலும். வெளியே பார்க்க எதிரிகள், ஆனால் ஆப்பிளின் சஃபாரி பிரவுசரில் தன் தேடலையே முதலில் வைக்க 2022-ல் மட்டும் கூகுள் ஆப்பிளுக்குச் சுமார் 2,000 கோடி டாலர் கொடுத்தது அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளியே வந்தது. இப்படி இருவருமே நன்றாகச் சம்பாதிக்கும் சந்தையில் மூன்றாவது ஆள் நுழைவது லேசில்லை. சீனாவின் ஹுவாவே தன் சொந்த ஹார்மனி ஓஎஸ்ஸோடு நிற்கிறது என்றால், அமெரிக்கக் கம்பெனிகள் அதோடு வியாபாரம் செய்ய 2019-ல் அமெரிக்கா தடை போட்டதும் அதற்கு வேறு வழி இல்லை, கூடவே சீனச் சந்தை கையில் இருந்தது.

அதனால் உங்கள் மகள் வேலைக்குப் போகும் முதல் சில வருடங்களில் ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டில் ஒன்று காணாமல் போகும் என்று நான் நினைக்கவில்லை. கவலைப்பட வேண்டியது உள்ளே நடக்கும் மாற்றத்துக்குத்தான். ஆப்பிள் 2014-ல் ஸ்விஃப்ட் என்ற புரோகிராமிங் மொழியைக் கொண்டுவந்து, பழைய மொழியான அப்ஜெக்டிவ்-சியை ஓரம்கட்டியது. கூகுள் ஆண்ட்ராய்டில் 2017-ல் கோட்லின் என்ற மொழிக்குக் கதவைத் திறந்து, 2019-ல் ஜாவாவுக்கு முன்னால் உட்கார வைத்தது. ஒரே ஒரு கருவியை மட்டும் மனப்பாடம் பண்ணியவர்கள் இதில் திணறுவார்கள். நோக்கியா 2008-ல் வாங்கிப் பிறகு விற்றுவிட்ட க்யூட்டி என்ற கருவி இன்று கார் டேஷ்போர்டுகளில் ஓடுகிறது, பிளாக்பெர்ரியின் க்யூஎன்எக்ஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டமும் கார்களுக்குள் ஓடுகிறது. சி++ மொழியும் ஆப்பரேட்டிங் சிஸ்டமும் சரியாகப் படித்தவர்களுக்கு அங்கே இடம் இருந்தது.

எனவே இப்போது மேக்புக் வேண்டாம். ஐபோன் ஆப் எழுதும் எக்ஸ்கோடு என்ற மென்பொருள் மேக்கில்தான் ஓடும் என்று அவள் சொல்வது உண்மைதான், ஆனால் ஐபோன் வேலைக்கு எடுக்கும் கம்பெனி பெரும்பாலும் மேக்கைத் தானே கொடுத்துவிடும். வீட்டில் இருக்கும் லேப்டாப்பில் ரேம் 16 ஜிபி ஆக்க முடிந்தால் ஆக்கிக்கொடுங்கள், ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவும் கோட்லினும் இலவசம். பிளே ஸ்டோரில் ஆப் வெளியிட ஒரே ஒருமுறை 25 டாலர், ஆப்பிளில் வருடா வருடம் 99 டாலர். நம் ஊரில் பெரும்பாலானோர் கையில் ஆண்ட்ராய்டுதான், அவள் எழுதுவதைத் தெரிந்தவர்களிடம் கொடுத்துப் பார்ப்பதும் சுலபம்.

அப்புறம், கல்லூரியில் ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், டேட்டாபேஸ் பேப்பர்களை அவள் பாஸானால் போதும் என்று விடக்கூடாது, கேம்பஸ் இன்டர்வியூவில் தோண்டுவது அங்கேதான். ஒரு ஆப்பை முழுதாக முடித்த பிறகும் ஐபோன் பக்கம்தான் மனசு என்றால், திரை இல்லாமல் வரும் ஆப்பிளின் சின்ன கணினியான மேக் மினி பாருங்கள், வீட்டில் மானிட்டர் இருந்தால் மேக்புக்கைவிடக் குறைந்த காசில் முடியும்.