தம்பி பிரெப் மாத்திரை வேண்டாம் என்கிறான்: உங்கள் கேள்விக்கு

தக்கலைப் பக்கம் இருக்கும் உங்கள் தம்பி போதை ஊசி போடுகிறான், எச்ஐவி சோதனையில் தொற்று இல்லை, ஆனாலும் எச்ஐவி தொற்றாமல் இருக்க முன்கூட்டியே எடுக்கும் பிரெப் மாத்திரை என்றால் "நோயில்லாதவனுக்கு எதுக்கு மாத்திரை" என்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் பயம் மாத்திரை மேல் இல்லை என்றே நினைக்கிறேன். டப்பாவை ஒருவர் பார்த்தால் போதும், அவனுக்கு எச்ஐவி என்றே ஊர் முடிவு கட்டிவிடும். நம் மாவட்டத்தில் அது வீண் பயமும் இல்லை. அதனால் முதலில் டப்பாவின் லேபிளைக் கிழித்துவிடுங்கள். பக்கத்தில் போகக் கூச்சமென்றால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்தில், அதாவது எச்ஐவி சோதனை, ஆலோசனை மையத்தில், கேட்கலாம். 1097 என்ற இலவச எச்ஐவி உதவி எண்ணும் இருக்கிறது. சம்மதமின்றி ஒருவரின் எச்ஐவி நிலையை வெளியிடுவதை 2017 எச்ஐவி/எய்ட்ஸ் சட்டம் தடுக்கிறது; இதை அவனிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

பாங்காக்கில் ஊசி போடுபவர்களிடமே நடந்த ஆய்வு 2013இல் வந்தது. தினமும் டெனோஃபோவிர் என்ற பிரெப் மருந்து கொடுக்கப்பட்டவர்களிடம் புதிய தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஒழுங்காக விழுங்கியவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். விட்டுவிட்டுப் போட்டால் பிரயோசனமில்லை.

தொடங்குமுன் எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சிறுநீரகச் சோதனைகள் வேண்டும். பிறகு மூன்று மாதத்துக்கொருமுறை எச்ஐவி சோதனை. போதைப் பழக்கத்தை நிறுத்த பூப்ரனார்ஃபின் என்ற மருந்து எடுத்தாலும் பிரெப்பையும் சேர்த்தே எடுக்கலாம். ஆனால் மஞ்சள் காமாலை சி-யை இது தடுக்காது, அதனால் ஒவ்வொரு தடவையும் புது ஊசிதான்.

அப்புறம், சமீபத்தில் யாருடைய ஊசியையாவது வாங்கிப் போட்டானா என்று கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் என்றால் பிரெப் பேச்சை விட்டுவிட்டு நேரே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அதற்கு 28 நாள் மருந்து தனியாக உண்டு.